லாரி இன்ஜினுக்கு டிஜிட்டல் கேஜ் மாட்டுனது: சென்சார், எர்த், மேனிபோல்ட்ல ஒரு ஓட்டை

லாரியில வெளிய வாங்குன டிஜிட்டல் கேஜ் மாட்டி, அதுல வர்ற நம்பரை நம்பி லோடு ஓட்டலாம்ங்கற நிலைமைக்கு ஒருவழியா வந்தாச்சு. கேஜை மாட்டுறது பெரிய வேலையே இல்ல, டேஷ்போர்டுல 52 மில்லிமீட்டர்ல ரெண்டு ரவுண்டு ஓட்டை போட்டா முடிஞ்சுது. ஆனா அது காட்டுறது இன்ஜினோட நிஜ நம்பரா இருக்கணும்னா சென்சார் எங்க உக்காருது, எர்த் (மைனஸ் இணைப்பு) எங்கருந்து வருது, ஒயர் எது பக்கத்துல போகுதுன்னு ஒவ்வொண்ணா பாத்து செய்யணும், முக்கால்வாசி நேரம் அதுக்குத்தான் போச்சு, அதனால அதைத்தான் விலாவாரியா எழுதுறேன்.

வண்டி ஆறு சிலிண்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப், டர்போ (எக்ஸாஸ்ட் காத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் தள்ளுறது), இன்டர்கூலர் (அந்தக் காத்தைக் குளுமையாக்குறது), 24 வோல்ட். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டேஷ்ல வாட்டருக்கு ஒரு முள்ளு, ஏர் பிரஷருக்கு ஒரு முள்ளு, ஆயிலுக்கு ஒரு சிவப்பு லைட், அவ்வளவுதான். அந்த ஆயில் லைட்டோட ஸ்விட்ச் பொதுவா ஆயில் பிரஷர் அரை பார் பக்கம் எறங்குனப்புறம்தான் லைட்டைப் போடும், ஏத்தத்துல நாலு பார் இருக்க வேண்டிய எடத்துல ஒன்றரை பார்தான் இருக்குன்னாலும் லைட் எரியாது, பேரிங் பாட்டுக்கு தேஞ்சுக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது.

வாட்டர் முள்ளு கதை இன்னும் மோசம். முன்னாடி ஒரு தடவை ரேடியேட்டர் அடி ஹோஸ் கிழிஞ்சு தண்ணி மொத்தமும் போனப்ப முள்ளு மேல ஏறவே இல்ல, கொஞ்சம் எறங்குச்சு. சென்சார் தண்ணிக்குள்ள நனைஞ்சுக்கிட்டு இருந்தாதான் சூட்டைச் சரியா காட்டும், தண்ணி போயி காத்துல நின்னா அது கம்மியாதான் காட்டும். பவர் குறையுதேன்னு வண்டியை ஓரம் கட்டுறதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிருந்துச்சு, ஹெட்டைக் கழட்டி ஃபேஸிங் பண்ண (அடிப்பக்கத்தை மட்டமா சீவ) வேண்டியதாச்சு. அந்தச் செலவுக்கு அப்புறம்தான் கேஜ் போட்டே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

புது வண்டி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வண்டியில ஜே1939 லைன் (இன்ஜின் கம்ப்யூட்டர் டேட்டா அனுப்புற லைன்) இருந்தா பாதி வேலை மிச்சம். அந்த ஒன்பது பின் ரவுண்டு கனெக்டர்ல சி, டி ரெண்டு பின்லயும் டேட்டா ஓடுது, வாட்டர் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) பெரும்பாலும் அதுலயே வந்துரும், அதைப் படிக்கிற டிஸ்ப்ளே ஒண்ணு போட்டா போதும். மாட்டுறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிட்டு சிக்கும் டிக்கும் நடுவுல ஓம் பாருங்க, 60 பக்கம் வரணும், ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கறதால. 120 வந்தா ஒரு முனை விட்டுப்போயிருக்குன்னு அர்த்தம். என் வண்டிக்கு இதெல்லாம் இல்ல, எல்லாத்துக்கும் தனித்தனி சென்சார்தான்.

எதை எதை பாக்கணும்னு முடிவு பண்றதுல ரொம்ப யோசிக்கல. எக்ஸாஸ்ட் சூடு, பூஸ்ட், ஆயில் பிரஷர், வாட்டர் டெம்பரேச்சர். ஒரே கேஜ்ல ரெண்டு நம்பர் வர்ற மாதிரி ரெண்டு கேஜ் வாங்குனேன், ஒண்ணுல எக்ஸாஸ்டும் பூஸ்டும், இன்னொண்ணுல ஆயிலும் வாட்டரும். எக்ஸாஸ்டையும் பூஸ்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்கறது ரொம்ப முக்கியம், காரணம் பின்னாடி வருது. இது போக ஹெட்டோட இரும்புச் சூட்டையே பாக்குற சின்ன யூனிட் ஒண்ணு தனியா, பஸ்ஸரோட. தண்ணி இருந்தாலும் இல்லன்னாலும் இரும்பு சூடு பொய் சொல்லாது.

வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மேஜையில வச்சே செக் பண்ணேன், இதை யாரும் தாண்டிப் போயிராதீங்க. வாட்டர் சென்சாரை கொதிக்கிற தண்ணியில விட்டா கடல் மட்டத்துல 100 காட்டணும், உயரமான எடமா இருந்தா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கணக்குல குறைச்சுக்கணும். ஐஸ் போட்டுக் கலக்குன தண்ணியில 0. என்னுது கொதி தண்ணியில 98 காட்டுச்சு, அது போதும். ஆயில் சென்சார் 0ல இருந்து 10 பார் வரைக்கும், மூணு ஒயர், 5 வோல்ட் குடுத்தா 0.5ல இருந்து 4.5 வோல்ட் திருப்பித் தரும், அதாவது ஒரு பாருக்கு 0.4 வோல்ட். டயருக்குக் காத்தடிக்கிற பம்பை அதுல மாட்டி 3 பார் ஏத்துனேன், சிக்னல் ஒயர்ல 1.7 வோல்ட் வரணும், 1.71 வந்துச்சு, கேஜும் 3.0 காட்டுச்சு.

எக்ஸாஸ்ட் ப்ரோப் (சூட்டை அளக்க உள்ள விடுற கம்பி) கே டைப் தெர்மோகப்பிள், அதாவது ரெண்டு வேற உலோக ஒயரைச் சேத்து சூட்டை வோல்ட்டா காட்டுற சென்சார். இதை கொதி தண்ணியில விட்டதும் நம்பர் ஏறாம கீழ எறங்குச்சு. காரணம் ஒயர் கலர். அமெரிக்க முறையில வர்ற கே டைப் ஒயர்ல மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஆமா, சிவப்புதான் மைனஸ். ஐரோப்பிய முறையில பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பாத்த கை தானா சிவப்பைக் கொண்டுபோய் பிளஸ்லதான் வைக்கும். சந்தேகமா இருந்தா ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, எந்த ஒயர் ஒட்டுதோ அது மைனஸ். மாத்திப் போட்டதும் 100 பக்கம் வந்து நின்னுச்சு.

இன்னொண்ணு, இந்த ஒயர் பத்தலன்னா சாதா செம்பு ஒயரைச் சேத்து நீட்டக்கூடாது. தெர்மோகப்பிள் குடுக்கறது 700 டிகிரியில கூட வெறும் 29 மில்லிவோல்ட்தான். இன்ஜின் பக்கத்துல 80 டிகிரி சூட்டுல செம்பைச் சேத்து, கேஜ் கேபினுக்குள்ள 30 டிகிரியில இருந்தா அந்த 50 டிகிரியும் காணாமப் போயிரும், 700 இருக்கறப்ப 650ன்னு காட்டும். கே டைப் நீட்டிப்பு ஒயர்னே தனியா கிடைக்குது, கனெக்டரும் அதே உலோகத்துல வருது, அதை வாங்கிக்கோங்க. நான் மூணு மீட்டர் வாங்கி ஒரு முழம் மிச்சம் வந்துச்சு.

அடுத்து கரண்ட். கேஜ் எல்லாம் 12 வோல்ட், வண்டி 24, ஓடுறப்ப 28 வரைக்கும் போகும். ரெண்டு பேட்டரியில ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுத்துக்கலாம்னு நிறைய பேர் சொல்வாங்க, செய்யாதீங்க. ஒரு பேட்டரி மட்டும் எறங்கிக்கிட்டே இருக்கும், ஆல்டர்னேட்டருக்கு மொத்தமா 28தான் தெரியும், அதனால எறங்குன பேட்டரிக்கு சார்ஜ் பத்தாது, நல்ல பேட்டரிக்கு அதிகமாப் போயி தண்ணி கொதிக்கும், ரெண்டும் சீக்கிரம் போயிரும். 24ல இருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டேன், 9ல இருந்து 36 வோல்ட் வரைக்கும் தாங்குறது, வண்டிக்குன்னே செஞ்சது. வெறும் போர்டா வர்ற கன்வெர்ட்டரை நம்பாதீங்க, ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணிக்கிட்டு இருக்கறப்ப பேட்டரி டெர்மினல் லூஸாகி விட்டுச்சுன்னா ஒரு நொடிக்கும் கம்மியான நேரத்துல லைன் வோல்ட்டேஜ் நூறைத் தாண்டிப் போகும், பாதுகாப்பு இல்லாத போர்டு அதோட சரி.

சாவி போட்டா வர்ற லைன்ல இருந்து ஒரு ரிலே, ரிலே வழியா 3 ஆம்பியர் ஃபியூஸ், அதுக்கப்புறம் கன்வெர்ட்டர். இதுல ஒரு சின்ன விஷயம், இந்த கேஜ்ல பேட்டரி வோல்ட் காட்டுற வசதியும் இருக்கு, ஆனா கன்வெர்ட்டர்ல இருந்து வாங்குறதால எப்பவும் 12.1தான் காட்டும், அதை வச்சு சார்ஜிங் பாக்க முடியாது. அதுக்கு 24 லைன்ல நேரா ஒரு சின்ன வோல்ட் மீட்டர் தனியா போட்டுக்கிட்டேன்.

கேஜ்ல ராத்திரி வெளிச்சத்தைக் குறைக்க ஒரு ஆரஞ்சு ஒயர் இருக்கும், பார்க்கிங் லைட் ஒயர்ல சேக்கச் சொல்லியிருப்பாங்க. நம்ம வண்டியில அந்த ஒயர்லயும் 24தான் வருதுங்கறதை மறந்துராதீங்க. பார்க்கிங் லைட்ல இருந்து ஒரு குட்டி 24 வோல்ட் ரிலேயோட காயிலுக்குக் குடுத்து, அதோட கான்டாக்ட் வழியா கன்வெர்ட்டரோட 12ஐ ஆரஞ்சு ஒயருக்குக் குடுத்தேன். இது இல்லாம ராத்திரி ஓட்டவே முடியாது, கண்ணுக்கு நேரா அவ்வளவு வெளிச்சம், ரோடு தெரியாது.

இப்ப பெரிய வேலைக்கு வர்றேன், மேனிபோல்ட்ல (சிலிண்டர்கள்ல இருந்து எக்ஸாஸ்டைச் சேத்து டர்போவுக்குக் கொண்டுபோற வார்ப்பிரும்புக் குழாய்ல) ஓட்டை. எக்ஸாஸ்ட் ப்ரோபை டர்போவுக்கு முன்னாடியும் வைக்கலாம், பின்னாடியும் வைக்கலாம். பின்னாடி வச்சா வேலை சுலபம், ப்ரோப் முறிஞ்சாலும் டர்போவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா டர்போ அந்தச் சூட்டுல இருந்துதான் சக்தியை எடுக்குது, அதனால வெளிய வர்றப்ப லோடுல 100, 150 டிகிரி கூட கம்மியா இருக்கும், அதுவும் நிலையா ஒரே வித்தியாசம் கிடையாது, லோடு மாற மாற மாறும். பிஸ்டன் பாக்குற சூடு எனக்கு வேணும், அதனால முன்னாடிதான்னு முடிவு.

இன்ஜினை ஓடவிட்டே ஓட்டை போடலாம், எக்ஸாஸ்ட் காத்து தூளை வெளிய தள்ளிரும்னு சிலர் செய்யறாங்க. எங்க மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "தம்பி, அந்தத் தூள்ல ஒண்ணே ஒண்ணு உள்ள போயி டர்பைன் பிளேடுல அடிச்சா என்ன பண்ணுவ? கழட்டிட்டுப் போடு, கேஸ்கெட்டும் பழசுதான், மாத்துன மாதிரி ஆச்சு"ன்னார். அவர் சொன்னதுதான் சரி. ஸ்டட் (மேனிபோல்ட்டைப் பிடிக்கிற தலையில்லாத போல்ட்) எல்லாத்துக்கும் முந்தின நாள் சாயங்காலமே துரு எறக்குற ஆயிலை அடிச்சு ஊறவிட்டு, காலையில இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கிட்டு நட்டை அசைச்சு அசைச்சு கழட்டினோம், ஒரே இழுவையில இழுக்காம கொஞ்சம் லூஸ் கொஞ்சம் டைட்னு. அப்படியும் கடைசி சிலிண்டர் பக்கத்து ஸ்டட் ஒண்ணு முறிஞ்சுது. நீட்டிக்கிட்டு இருந்த முனையில ஒரு நட்டை வச்சு வெல்டு அடிச்சு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள திருப்புனதுல வந்துருச்சு.

கழட்டுனப்புறம் உள்ள பாத்தா மேனிபோல்ட் நடுவுல தடுப்பு. முன்னாடி மூணு சிலிண்டர் ஒரு பக்கம், பின்னாடி மூணு இன்னொரு பக்கம், டர்போ வரைக்கும் தனித்தனியாவே போகுது. இதைக் கழட்டாம வெளிய இருந்து பாத்தா தெரியாது. ஒரு ப்ரோப் போட்டா மூணு சிலிண்டரைத்தான் பாக்கும். நாலு அஞ்சு ஆறு பக்கம் தேர்ந்தெடுத்தேன், வாட்டர் பம்புல இருந்து தூரமா இருக்கற பக்கம், நம்ம இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் போனதும் அந்தப் பக்கம்தான். மறு பக்கத்து இன்ஜெக்டர் ஒண்ணு கோளாறானா இந்த நம்பர்ல நேரா தெரியாதுங்கறதை மனசுல வச்சுக்கணும்.

எடம், டர்போ ஃபிளாஞ்சுக்கு 5 சென்டிமீட்டர் முன்னாடி, மூணு சிலிண்டர் கேஸும் சேந்தப்புறம். அந்த எடத்துல சுவர் கனம் அளந்தா 8 மில்லிமீட்டர், திரெட்டுக்குப் போதும். சென்டர் பஞ்ச், அப்புறம் 4 மில்லிமீட்டர் பிட், அப்புறம் 8.5. வார்ப்பிரும்புக்கு ஆயில் வேண்டாம், காஞ்சே ஓட்டலாம், மெதுவா ஓட்டினா தூள் மாவு மாதிரி வரும். அப்புறம் 1/8 என்பிடி (அமெரிக்க குழாய் திரெட்) அளவுல திரெட் வெட்டுற டேப். இது கூம்பு திரெட், டேப்பை முழுசா உள்ள எறக்கக்கூடாது, பாதி எறக்கிட்டு ஃபிட்டிங்கைப் போட்டுப் பாத்து, இன்னும் கொஞ்சம் எறக்கி, மறுபடி போட்டுப் பாத்துன்னு போகணும். ஃபிட்டிங் கையால மூணு சுத்து போயி, அப்புறம் ஸ்பேனர்ல ரெண்டு சுத்து டைட் ஆகற மாதிரி நிப்பாட்டினேன். திரெட்டுக்கு நிக்கல் கலந்த சூடு தாங்குற பேஸ்ட் தடவினேன், இல்லன்னா அடுத்த தடவை கழட்டவே முடியாது.

ப்ரோப் முனை ஓட்டத்தோட நடுவுல இருக்கணும். உள்விட்டம் 40 மில்லிமீட்டர், அதனால முனை உள்ள 20 மில்லிமீட்டர் நீட்டுற மாதிரி மார்க் பண்ணி கம்ப்ரஷன் ஃபிட்டிங்கை டைட் பண்ணேன். சுவர் பக்கத்துல இருந்தா இரும்பு சூட்டைத்தான் காட்டும், அது ரொம்ப மெதுவா ஏறி மெதுவா எறங்கும். 3 மில்லிமீட்டர் ப்ரோப் எடுத்தேன், 6 மில்லிமீட்டரை விட வேகமா பதில் சொல்லும். எல்லாத்தையும் சுத்தமா காத்தடிச்சு, காந்தம் விட்டு துழாவி, புது கேஸ்கெட், புது ஸ்டட், நடுவுல இருந்து வெளிப்பக்கமா டைட் பண்ணி, ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறுனப்புறம் மறுபடி ஒரு டைட்.

பூஸ்ட் சுலபம். இன்டேக் மேனிபோல்ட்ல (காத்து உள்ள போற பக்கத்துக் குழாய்ல) இருந்து ஏற்கனவே டீசல் பம்புக்குப் போற குழாய்ல ஒரு டீ (மூணு வாய் இணைப்பு) போட்டு, 4 மில்லிமீட்டர் நைலான் ஹோஸ்ல கேபின் சுவர் பக்கம் கொண்டுவந்து சென்சாரை அங்க மாட்டினேன். ஹோஸ் மேனிபோல்ட் பக்கமா சரிஞ்சு இருக்கணும், சென்சார் வாய் கீழ பாக்கணும், இல்லன்னா ஆயில் ஆவி வந்து தேங்கி அடைச்சிரும். சென்சார் முழு அழுத்தத்தை அளக்குற வகை, கேஜ் அதுல இருந்து ஒரு பாரைக் கழிச்சுக் காட்டுது, அதனால 1000 மீட்டர் உயரத்துல நின்னா இன்ஜின் ஓடாமலேயே மைனஸ் 0.1 காட்டும். கோளாறு இல்ல, அங்க காத்து அவ்வளவுதான்.

ஆயில் சென்சாரைப் பத்தி ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு திரெட். 1/8 என்பிடி, 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் முறை), எம்10 (மெட்ரிக் முறை), மூணும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். என்பிடியில ஒரு இன்ச்சுக்கு 27 திரெட், பிஎஸ்பியில 28, கோணமும் வேற. மாத்திப் போட்டா ரெண்டு சுத்து நல்லா போகும், அப்புறம் டைட் ஆகும், சரியா இருக்குன்னு நினைப்போம், சூடானதும் ஆயில் கசியும், பிளாக் திரெட்டும் போயிரும். திரெட் கேஜ் வச்சுப் பாத்தா நம்ம பிளாக்ல எம்10, சரியான அடாப்டர் தேடி வாங்குனேன். ரெண்டாவது, பித்தளை டீயைப் போட்டு அதுல பழைய ஸ்விட்சையும் கனமான சென்சாரையும் நேரா தொங்கவிடறது. டீசல் இன்ஜின் அதிர்வுல அந்தப் பித்தளைக் கழுத்து நாளடைவுல விரிசல் விடும், விட்டா மொத்த ஆயிலும் ரோட்டுலதான். பிரேக் ஹோஸ் மாதிரி பின்னல் போட்ட ஒரு அடி ஹோஸ்ல டீயை வெளிய கொண்டுவந்து சேசிஸ்ல கிளாம்ப் அடிச்சேன், சிவப்பு லைட் ஸ்விட்சும் அங்கயே இருக்கு. கேஜ் போட்டாச்சுன்னு அந்த லைட்டை எடுத்துராதீங்க.

வாட்டர் சென்சார் ஹெட்ல இருந்து தண்ணி வெளிய வர்ற எடத்துல, தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாடி. ஹெட் இரும்புச் சூட்டுக்கான வளைய சென்சாரை ஹெட் போல்ட்டுக்கு அடியில வைக்கல, அந்த டைட் கணக்கைக் கெடுக்கக்கூடாது. இன்ஜினைத் தூக்குறதுக்கு ஹெட்ல ஒரு கொக்கி இருக்கும் இல்லையா, அந்த போல்ட்டுக்கு அடியில.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணா பகல்ல நல்லா இருந்துச்சு. ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டதும் வாட்டர் 84ல இருந்து 91க்குத் தாவுது, லைட்டை அணைச்சா அதே நொடியில 84க்கு வருது. தண்ணி அப்படி ஒரு நொடியில சூடாகாது. முதல்ல சென்சார்தான் கோளாறுன்னு இன்னொண்ணு வாங்கி மாத்திப் பாத்தேன், அதுவும் அதே மாதிரி தாவுச்சு. அப்புறம் கவனிச்சா ஆயில் நம்பர் அசையவே இல்ல. ஆயில் சென்சார் மூணு ஒயர், அதோட எர்த் கேஜ்ல இருந்தே போகுது. வாட்டர் சென்சார் ஒத்தை ஒயர், அதோட எர்த் பிளாக் திரெட் வழியா. கேஜோட எர்த்தை நான் கேபின் பாடியில குடுத்திருந்தேன்.

மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வச்சு ஒரு முனையை பிளாக்லயும் இன்னொண்ணை கேஜ் எர்த்லயும் வச்சேன். எல்லாம் ஆஃப்ல 20 மில்லிவோல்ட். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டா 180. லைட் கரண்ட் எல்லாம் கேபின் எர்த் பட்டை வழியாதான் திரும்பிப் போகுது, அந்தப் பட்டை துருப்பிடிச்சிருந்தா அதுலயே வோல்ட் விழும். சூடு ஏற ஏற இந்த சென்சாரோட ஓம் குறையும், சிக்னல் வோல்ட்டும் குறையும். கேபின் எர்த் 180 மில்லிவோல்ட் மேல தூக்குனா கேஜுக்கு சிக்னல் அந்த அளவு குறைஞ்ச மாதிரி தெரியும், உடனே சூடு ஏறிச்சுன்னு காட்டும். கேபின் எர்த் பட்டையை புதுசா மாத்தி, ரெண்டு முனையிலயும் பெயின்ட் சுரண்டி டைட் பண்ணேன், அதுலயே 180 வந்து 50 ஆச்சு. அப்புறம் கேஜ் எர்த்தையும் கேபின்ல இருந்து எடுத்து தனி ஒயர் இழுத்து பிளாக்ல, சென்சார் பக்கத்து போல்ட்ல குடுத்தேன். தாவல் சுத்தமா நின்னுச்சு. சென்சார் திரெட்ல டெஃப்லான் டேப்பை நிறைய சுத்துனாலும் இதே தொந்தரவு வரும், எர்த் சரியா கிடைக்காது, திரெட் சீலன்ட் கொஞ்சமா தடவுங்க போதும்.

நம்பர் நிலையானப்புறம் அலாரத்தை உடனே செட் பண்ணல. கொஞ்ச நாள் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வந்தேன், இந்த இன்ஜினுக்கு எது நார்மல்னு தெரியணும் இல்ல. ஸ்லோ ஸ்பீடுல எக்ஸாஸ்ட் 160, 180. லோடோட சம தரையில 380ல இருந்து 450. நல்ல ஏத்தத்துல 600, 620, பூஸ்ட் 1.3. வாட்டர் 82ல இருந்து 88. ஆயில் சூடான ஸ்லோ ஸ்பீடுல 1.4, 1500 சுத்துல 3.6. இதை வச்சு எக்ஸாஸ்டுக்கு 650ல பஸ்ஸர், 700ஐ எந்தக் காரணத்துக்கும் தாண்டக்கூடாதுன்னு எனக்கு நானே வச்சுக்கிட்டேன், அலுமினியம் உருகுறது 660ல, பிஸ்டன் தலையை ஆயிலும் தண்ணியும் குளுமையா வச்சிருக்கறதாலதான் தப்பிக்குது. வாட்டர் 98, ஹெட் இரும்பு நார்மலை விட 15 மேல, ஆயில் 0.8க்குக் கீழ. பஸ்ஸர் கண்டிப்பா வேணும், ஏத்தத்துல வளைவுல கண்ணு ரோட்டுலதான் இருக்கணும், கேஜ்ல இல்ல.

ஓட்டுற விதமே இதனால மாறிச்சு. ஏத்தத்துல பெரிய கியர்லயே இழுத்து ஆக்ஸிலேட்டரை அமுக்குறப்ப எக்ஸாஸ்ட் கிடுகிடுன்னு 640க்குப் போகுது, ஒரு கியர் கொறைச்சு சுத்தை ஏத்துனா கொஞ்ச நேரத்துல 570, 580க்கு எறங்குது, வேகம் பெருசா குறையறது இல்ல. காத்து அதிகமா போகுது, அதான். ஏத்தம் முடிஞ்சு நிப்பாட்டுறப்ப 180க்குக் கீழ வந்தப்புறம்தான் இன்ஜினை ஆஃப் பண்றேன், முன்னாடி குத்துமதிப்பா ரெண்டு நிமிஷம் விடுவேன், இப்ப பாத்தா சில சமயம் ஒரு நிமிஷமே போதும், சில சமயம் நாலு நிமிஷம் ஆகுது.

கேஜ் போட்ட காசு திரும்பி வந்த எடம் ஒண்ணு சொல்றேன். ஒருநாள் வழக்கமா போற ஏத்தத்துல அதே லோடு, அதே கியர், எக்ஸாஸ்ட் பஸ்ஸர் அடிச்சுது, 670. பக்கத்துலயே பூஸ்டைப் பாத்தா 0.9. ரெண்டையும் சேத்துப் பாத்தாதான் கதை புரியும். பூஸ்ட் 1.3 இருந்து எக்ஸாஸ்ட் மட்டும் ஏறியிருந்தா டீசல் அதிகமாப் போகுதா, இன்ஜெக்டரான்னு தேடணும். பூஸ்ட் எறங்கி எக்ஸாஸ்ட் ஏறுதுன்னா டீசல் அதே அளவு போகுது, காத்து பத்தல. ஏர் ஃபில்டர் சுத்தம். இன்டர்கூலர் பைப்புக்குள்ள காத்து ஏத்தி, அரை பாருக்கு மேல போகாம, சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தோம், டர்போவுல இருந்து இன்டர்கூலருக்குப் போற ஹோஸ்ல கிளாம்புக்கு அடியில ஒரு பிளவு, விரல் நீளத்துக்கு. வெளிய இருந்து பாத்தா கிளாம்ப் மறைச்சிருக்கு, ஆயில் ஈரம் மட்டும் லேசா. ஹோஸ் மாத்துனதும் அதே ஏத்தத்துல 1.3, 610. கேஜ் இல்லாம இருந்திருந்தா இழுவை கம்மியா இருக்குன்னு இன்னும் அமுக்கி ஓட்டியிருப்பேன், பிஸ்டன் போயிருக்கும்.

செலவுல டிஸ்ப்ளே பாதிகூட இல்ல. நல்ல ப்ரோப், நீட்டிப்பு ஒயர், அடாப்டர், பின்னல் ஹோஸ், கன்வெர்ட்டர், கேஸ்கெட், ஸ்டட், இதுக்குத்தான் அதிகம் போச்சு. மொத்தமும் சேத்தாலும் அன்னைக்கு ஹெட் வேலைக்கு ஆனதுல ஒரு சின்ன பங்குதான்.

அடுத்த வண்டிக்குப் போட்டா வாட்டருக்கும் ரெண்டு ஒயர் சென்சாரே எடுப்பேன், எர்த் தகராறே வராது. மேனிபோல்ட் கழட்டியிருக்கறப்பவே மறு பக்கத்துலயும் ஒரு ஓட்டை போட்டு பிளக் அடிச்சு வச்சிருவேன், பின்னாடி சந்தேகம் வந்தா ப்ரோபை மாத்திப் போட்டு ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்கலாம். ரேடியேட்டர் மேல் டேங்க்ல தண்ணி மட்டத்துக்கு ஒரு சென்சார், இதை இந்த வண்டிக்கே போடப்போறேன், ஹெட் சூடேறுற வரைக்கும் காத்திருக்காம தண்ணி குறையறப்பவே தெரியும். எக்ஸாஸ்ட் ப்ரோபை ஆயில் மாத்துறப்ப எல்லாம் கழட்டிப் பாக்குறேன், முனை மெலிஞ்சிருந்தாலோ தோல் உரிஞ்சிருந்தாலோ யோசிக்காம மாத்திரணும், முறிஞ்சா அது போற வழி நேரா டர்பைனுக்குத்தான்.